கஸ்டமர் கேர் வேலையில் தெம்பு எங்கிருந்து வருகிறது?

மலர்_அஸ்தம்பட்டி:
சேலத்தில் ஒரு கால் சென்டரில் பிராட்பேண்ட் புகார்களுக்குப் போன் எடுக்கிறேன். பேசுவது பிடிக்கும், அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனால் மழையில் எங்காவது கேபிள் அறுந்தால் அந்த ஏரியா மொத்தமும் எங்கள் மேல் பாய்கிறது. எப்போது சரியாகும் என்று எங்களுக்கே தெரியாது, ஸ்கிரீனில் '24 மணி நேரத்துக்குள்' என்று மட்டும் இருக்கும், அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நேற்று ஒருவர் "நீயெல்லாம் சோறுதான் திங்கறியா" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார். மூச்சு விடுவதற்குள் அடுத்த கால், அதே இனிமையான குரலில் வணக்கம் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் "ஏசி ரூம்ல உட்கார்ந்துதானே வேலை" என்கிறார்கள். வேலையை விடும் எண்ணம் இல்லை. இந்த மாதிரி வேலையில் பல வருஷம் தாக்குப் பிடித்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? 'கண்டுக்காத, விடு' என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

சேலத்துப்_புடவை:
மலர், நான் ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன். உன்னைவிட மூத்தவளாகத்தான் இருப்பேன், அதனால் வா போ என்றே பேசுகிறேன். ஆடித் தள்ளுபடியோடு கோட்டை மாரியம்மன் பண்டிகையும் சேர்ந்துகொண்டால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு குடும்பம் வந்து அலமாரியையே காலி செய்து விரித்துப் பார்த்துவிட்டு, "இவளுக்குக் காட்டவே தெரியல" என்று சூப்பர்வைசர் காதுபடச் சொல்லிவிட்டு எழுந்து போகும். அத்தனையையும் நான்தான் திரும்ப மடிக்க வேண்டும். அந்த நேரத்தில் என்னைத் தாங்குவது பக்கத்தில் நிற்கிறவள்தான். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. யாராவது குரலை உயர்த்த ஆரம்பித்தால் அவள் வந்து "அக்கா, அந்த மெரூன் பார்டர் ஸ்டாக் ரூம்ல இருக்கா பாருங்க" என்பாள். மெரூன் பார்டர் எல்லாம் ஒன்றும் கிடையாது, உள்ளே போய் முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வா என்று அர்த்தம். அதற்குள் அந்த ஆளை அவள் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு ஒன்று என்றால் நான் போவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளாவிலும் 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளாவில் அந்தப் பெண்கள் கால் கடுக்கிறது என்று வாய் திறந்து கேட்டுப் போராடியதால்தான் அது வந்தது. நீயும் உன் டீம் லீடரிடம் கேள், திட்டு வாங்கின காலுக்கு அப்புறம் ஐந்து நிமிஷம் வேண்டும் என்று. கேட்பதில் தப்பே இல்லை.

ஏற்காடு_ரிசப்ஷன்:
நான் மலை மேல் ஓட்டலில் இருக்கிறேன். மே மாதம் கோடை விழா சமயத்தில் எங்கள் நிலைமையும் இதேதாங்க. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, நடுவில் டிராஃபிக்கில் மாட்டி, பிள்ளை வாந்தி எடுத்து, காலை 9 மணிக்கே வந்து நிற்பார்கள். செக்-இன் 12 மணி. ரூம் இன்னும் காலியாகவில்லை என்றதும் கத்துவார்கள். நான் ரூமைப் பற்றிப் பேசவே மாட்டேன், முதலில் குழந்தைக்கு எலுமிச்சை ஜூஸ், பெரியவர்களுக்குச் சுடுதண்ணீர், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று காட்டுவேன். கொஞ்ச நேரத்தில் அதே மனுஷர் பக்கத்தில் வந்து "ஏம்மா, இங்க பார்க்க என்னென்ன இருக்கு" என்று கேட்பார். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கிறேனே, அதுதான் எனக்குத் தெம்பு. போனில் உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பது புரிகிறது, அதனால்தான் உங்கள் வேலை என் வேலையைவிடக் கஷ்டம் என்று சொல்வேன்.

வங்கி_ஹெல்ப்லைன்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு வேறு அனுபவம். திட்டைவிட என்னை அதிகம் தளர்த்தியது, கையில் பதில் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான். யுபிஐயில் கடைக்குப் பணம் அனுப்பி, கணக்கில் கழிந்து, கடைக்குப் போய்ச் சேரவில்லை என்று தினமும் கால் வரும். "பொறுத்திருங்கள் சார்" என்றால் எதிராளி இன்னும் கொதிப்பார். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, அன்றிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. "சார், இந்தத் தேதிக்குள் வந்துவிடும், வராவிட்டால் உங்களுக்கு இது கிடைக்க வேண்டும்" என்று சொன்னால் பெரும்பாலும் குரல் இறங்கிவிடும். விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்ற நம்பிக்கை அவருக்கு வருகிறது, அது எனக்கும் தைரியம். நீங்களும் அந்த '24 மணி நேரம்' வசனத்தோடு நிற்காதீர்கள், கேபிளைச் சரிசெய்யும் லைன்மேனிடம் விசாரித்து எந்தத் தெருவில் வேலை நடக்கிறது என்றாவது சொல்லுங்கள்.

அப்புறம், தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் 14416-க்கு (டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்) பேசுங்கள். அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மலர்_அஸ்தம்பட்டி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, உங்கள் மெரூன் பார்டர் ஏற்பாட்டைப் பக்கத்து சீட் பெண்ணிடம் சொன்னேன், உடனே சரி என்றாள். வங்கி அண்ணா, ஒரு சந்தேகம். லைன்மேன் நம்பரை எங்களுக்குத் தர மாட்டார்கள். அதற்கு என்ன செய்வது?

வங்கி_ஹெல்ப்லைன்:
நம்பர் கேட்க வேண்டாம், தகவல் கேளுங்கள். ஃபீல்டு டீமும் உங்கள் ஷிஃப்டும் இருக்கிற மாதிரி ஒரு வாட்ஸ்அப் குரூப் போடச் சொல்லி டீம் லீடரிடம் பேசிப் பாருங்கள். மழை அன்று தெருப் பெயரும் நேரமும் அதில் வந்தால் போதும். கால் சீக்கிரம் முடியும், அவருடைய டார்கெட்டுக்கும் நல்லது, அதைச் சொல்லியே கேளுங்கள்.