பழைய நாஸ் பெட்டி: பிங் வருது, ஃபோல்டர் திறக்கலை

கேள்வி
வணக்கம். அச்சகம் ஒன்றில் போன வாரம்தான் சேர்ந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு நாஸ் (நெட்வொர்க் வழியா எல்லாரும் ஃபைல் வைக்கிற பெட்டி) ஓடிக்கிட்டிருக்கு. அதை அமைச்சுக் கொடுத்தவரைப் பிடிக்க முடியலை, அட்மின் பாஸ்வேர்டும் யாருக்கும் தெரியாது. விண்டோஸ் 10 மெஷின்களில் இசட் டிரைவாகத் திறக்குது. புதுசா வாங்கின விண்டோஸ் 11 ப்ரோவில் மட்டும் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்குதுன்னு வருது. அப்படி ஒரு கொள்கையை இங்கே யாரும் போடலை. பிங் வருது. பத்து வருஷ டிசைன் ஃபைல்கள் உள்ளே இருக்கு, கை வைக்கப் பயமா இருக்கு.

பதில்
தம்பி, இப்போதைக்குப் பெட்டியைத் தொடாதீங்க. எல்லாத்தையும் கிளையன்ட் பக்கமிருந்தே, அதாவது உங்க மெஷின்களிலிருந்தே பார்க்கலாம். பிங் வந்தால் பெட்டி நெட்வொர்க்கில் இருக்குன்னு மட்டும்தான் தெரியும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்கு ஐபி முகவரியும் போர்ட் 445-ம் கொடுங்க. இணைப்பு கிடைச்சால் எஸ்எம்பி, அதாவது விண்டோஸ் ஃபைல் பகிரும் முறை, ஓடுது. 2049-ஐயும் பாருங்க, அது என்எஃப்எஸ், லினக்ஸ் பக்கம் ஃபைல் பகிரும் முறை. அப்புறம், ஒழுங்கா வேலை செய்கிற பழைய மெஷின்தான் உங்களுக்கு நல்ல சாட்சி. அதில் அட்மினாகப் பவர்ஷெல் திறந்து கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் போட்டு, டயலெக்ட் (எஸ்எம்பியின் எந்தப் பதிப்பு) என்னன்னு சொல்லுங்க.

கேட்டவர்
445 திறந்திருக்கு, 2049 இல்லை. டயலெக்ட் 2.1. பழைய மெஷினில் யாரும் பாஸ்வேர்டு அடிச்சதே இல்லையாம் அண்ணே.

பதில்
அப்போ கெஸ்டாக, அதாவது பேரும் பாஸ்வேர்டும் இல்லாமல், உள்ளே போறாங்க, அதுதான் விஷயம். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் கெஸ்ட் நுழைவு அடைபட்டிருக்கும், எஸ்எம்பி சைனிங்கும் (ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையெழுத்து) கட்டாயம். கெஸ்ட் இணைப்பில் சைனிங் நடக்காது. டயலெக்ட் 1 இல்லைங்கிறது நிம்மதி, 2017-இல் வான்னாக்ரை ரான்சம்வேர் பரவினது அந்த வழியாத்தான். கொள்கையைத் தளர்த்தினால் உடனே திறக்கும்னு பலர் சொல்வாங்க, தயவுசெய்து செய்யாதீங்க. வைஃபையில் வந்து உட்காரும் எவரும் பத்து வருஷ வேலையை அழிச்சிடலாம் என்கிற நிலைமை அப்படியே இருக்கும். சரியான வழி, நாஸில் ஆளுக்கொரு யூசர்.

அதுக்கு அட்மின் பாஸ்வேர்டை ரீசெட் பண்ணணும். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினால் எது அழியும்னு மாடலுக்கு மாடல் மாறும். அதனால் முதலாளியிடம் சொல்லிட்டு, முதலில் எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுங்க. விண்டோஸிலேயே இருக்கிற ரோபோகாப்பி கட்டளை போதும். அதில் மிர் (/MIR) என்கிற ஆப்ஷன் மட்டும் வேண்டாம், மூலத்தில் இல்லாததை அது போய்ச்சேரும் இடத்தில் அழிச்சிடும்.

கேட்டவர்
நகல் ஓடுது. ஆனா பெரிய ஃபைலுக்கே நொடிக்கு 11 எம்பிதான் வருது. டிஸ்க் போயிடுச்சா?

இன்னொருவர்
11-ன்னா டிஸ்க் மேல சந்தேகமே வேண்டாம். எட்டு பிட் சேர்ந்தாத்தான் ஒரு பைட், அதனால் 100 மெகாபிட் லைன் அவ்வளவுதான் தரும். ஜிகாபிட்னா 110 பக்கம் போகும். ஜிகாபிட்டுக்குக் கேபிளில் நாலு ஜோடியும் வேணும், 100-க்கு ரெண்டு போதும். மிச்ச ரெண்டில் ஒரு ஜோடி அறுந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிடும். ஸ்விட்ச் லைட்டையும் மெஷினின் லிங்க் ஸ்பீடையும் பாருங்க.

கேட்டவர்
கண்டுபிடிச்சாச்சு! படிக்கட்டுக் கதவு தினமும் கேபிளை நசுக்கியிருக்கு, உறை கிழிஞ்சு உள்ளே இருக்கிற கம்பி வெளியே தெரிஞ்சது. மாத்தினதும் 100-ஐத் தாண்டுச்சு. நகல் முடிஞ்சதும் இருபது ஃபைலுக்கு ரெண்டு பக்கமும் ஹேஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்தேன், எல்லாம் பொருந்துது. மாடல் கையேட்டைப் படிச்சு ரீசெட் செஞ்சு, யூசர் போட்டு, கெஸ்டை மூடிட்டேன். விண்டோஸ் 11-இல் திறக்குது. தனியா ஒரு சோதனை ஃபோல்டரில் எழுதி, பேர் மாத்தி, அழிச்சும் பார்த்தேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே. மிச்ச நாலு மெஷினுக்கும் யூசர் போடணும், நாளைக்குச் செய்றேன்.