வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

டெல்டாக்காரன்

குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட மாநில அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்கள் வீடு முடிந்து மூன்று மாதம் ஆகிறது. 3.50 லட்சம் என்றதும் அது கட்டாகக் கைக்கு வந்துவிடும் என்றே ஊரில் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேஸ்மட்டம் (வீட்டின் தரைமட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), கூரைத் தளம், பூச்சு என்று நாம் கட்டக் கட்டத்தான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் தவணையே பேஸ்மட்டம் எழும்பிய பிறகுதான்.

வீடு கட்டுவதற்கான ஆணை கிடைத்த மறுவாரமே குடிசையைப் பிரித்துவிட்டோம். புங்கமரத்தடியில் தார்ப்பாய் கட்டிக் குடியேறியபோது கையில் இருந்தது 18,000 ரூபாய். மனைவியின் ஜிமிக்கி கூட்டுறவு வங்கிக்குப் போனது. புரட்டாசியில் பேஸ்மட்டம் முடிந்தது. அளந்து படம் எடுக்க ஆள் வருவதற்குப் பதினாறு நாள். அதற்குள் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அம்மாவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் மூவரும் தார்ப்பாய்க்கு அடியில் அரிசி மூட்டையைத்தான் முதலில் காப்பாற்றினோம்.

சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கில் கொடுத்தார்கள். அதன் விலையைத் தவணையில் கழித்துக்கொள்கிறார்கள். வண்டி வாடகை நம்முடையது. இதையும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வேலையைச் சரிபார்க்க வரும் ஓவர்சியரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிண்டலுக்குக் கட்டிய கம்பியில் ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி அதிகம் என்று அவிழ்த்துக் கட்டச் சொன்னார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மேஸ்திரி பிறகு தனியாக ஒப்புக்கொண்டார், அவர் சொன்னது சரிதான் என்று.

இடம் இருந்தால் குடிசையைப் பிரிக்காமல் பக்கத்திலேயே வானம் தோண்டுங்கள்.

மருமகள்

நாங்கள் வானம் தோண்டும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. குடிசை எங்களுடையது, பட்டா மட்டும் இறந்துபோன மாமனார் பெயரில். மே 1 கிராம சபையில் பெயர்ப் பட்டியலை வாசித்தபோது எழுந்து நின்று கேட்டேன். பட்டா இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஊராட்சிச் செயலர் சொன்னார். வாரிசுச் சான்றுக்கு இரண்டு மாதம். கணவரின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். கையெழுத்துப் போட அவருக்கு விடுப்பு கிடைக்கவேண்டும், வந்தபின் மனதும் வரவேண்டும். அக்டோபர் 2 சபையில்தான் எங்கள் பெயரை வாசித்தார்கள். ஆணைக்காகக் காத்திருக்கிறோம். டெல்டாக்கார அண்ணா, முதல் தவணை வரும்வரை உங்களுக்கு எவ்வளவு செலவானது?

கொத்தனார்

இந்தத் திட்டத்தில் நான் கட்டியவை பதினோரு வீடுகள். அவற்றில் இரண்டு இன்னும் லிண்டலோடு நிற்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அரசு சொல்வது 360 சதுர அடி: 300 அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 அடிக்கு வேறு கூரை. ‘கட்டுவதுதான் கட்டுகிறோம், இன்னொரு அறையையும் சேர்த்துக் கட்டிவிடுவோமே’ என்று 500 அடிக்கு வானம் தோண்டச் சொல்கிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை வந்து எங்கே படுப்பார் என்று கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் தவணைத் தொகை 360 அடிக்குத்தான். மாடிப்படி போடவேண்டும் என்று வேறு நிற்பார்கள். படியை அப்புறம் போடலாம், கம்பியை மட்டும் நீட்டி விடுகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டவர்கள் குடி போய்விட்டார்கள்.

நகராட்சி வாசி

மேலே சொன்னதெல்லாம் ஊராட்சிப் பகுதிக்கு. நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் 2.10 லட்சம், அதில் மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம், மாநிலத்தின் பங்கு 60,000. அதுவும் தவணைதான். வரைபட அனுமதிக்கு அலைந்தது தனிக்கதை. 2024 ஜூலைக்குப் பிறகு கட்டுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள்: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்றிதழ் முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். கட்டணம் மட்டும் கட்டவேண்டும்.

டெல்டாக்காரன்

மருமகள் கேட்டதற்கு: முதல் தவணை கணக்கில் ஏறும் முன் எங்களுக்கு ஆனது 74,000. அதில் கருங்கல்லுக்கும் ஏற்றி இறக்கிய கூலிக்கும் மட்டும் 31,000. உங்கள் ஊரில் மண் கெட்டியாக இருந்தால் இவ்வளவு ஆழம் போகவேண்டியிருக்காது. எங்களுடையது வயலை ஒட்டிய களிமண். ஜிமிக்கியை இன்னும் மீட்கவில்லை.