கல்யாணத்துக்கு வந்த டோங்கா மரப்பட்டைத் துணி, துவைக்கலாமா? எப்படி வச்சுக்கிறது?

வைகைக்கரை_மாலா:
வணக்கம் மக்களே, ஒரு விசித்திரமான கேள்வி. எங்கண்ணே நியூசிலாந்து ஆக்லாந்துல முதியோர் இல்லத்துல வேலை பாக்குறான், கல்யாணம் இங்க மதுரைல வச்சு நடந்துச்சு, அவன்கூட வேலை பாக்குற டோங்கா நாட்டு (பசிபிக் கடல்ல உள்ள தீவு நாடு) அக்கா ஒருத்தங்க தன்னால வர முடியலன்னு ஒரு பெரிய துணிய சுருட்டி அவன் கைல குடுத்து விட்டுருக்காங்க. துணின்னு சொல்றேன், ஆனா இழையே இல்ல, நெசவே இல்ல, தொட்டா விறைப்பா இருக்கு, பூரா செங்காவிக் கலர்ல கறுப்புக் கோடு கோடா டிசைன். மண்டபத்துல வச்சுப் பிரிச்சா ஹால்ல பாதிய அடைச்சிருச்சு, எங்க சித்தி இத மொய் நோட்டுல என்னன்னுடி எழுதுறதுன்னு கேட்டு எல்லாரும் ஒரே சிரிப்பு. மரப்பட்டைல செய்றதுன்னு அண்ணே சொன்னான், அதுக்கு மேல அவனுக்கும் தெரியல. இப்ப அம்மா என்னடான்னா மடிச்ச எடத்துல ஏதோ வாடை வருது சோப்புத் தண்ணில ஒரு தடவ அலசிருவோம்னு நிக்குறாங்க. அலசலாமா? இன்னொன்னு, ஓரத்துல ஒரு வரிசையா 4, 5, 6ன்னு 9 வரைக்கும் கையால நம்பர் எழுதிருக்கு, 1, 2, 3 எங்க போச்சு, கிழிஞ்ச துணியக் குடுத்துட்டாங்களான்னு பெரியப்பா வேற கேக்குறாரு.

திருமங்கலத்தான்:
அம்மா கைல இருந்து மொதல்ல அத வாங்கி வைங்க தாயி. தண்ணி பட்டா போச்சு. மிச்சத்த தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க.

உசிலை_டூ_ஆக்லாந்து:
மாலா, அது பேரு ஙாத்து, டோங்கால பொம்பளைங்க செய்றது, உங்கண்ணனுக்கு வந்தது ரொம்பப் பெரிய மரியாதைங்க. நான் இருக்குற ஏரியால டோங்கா குடும்பம் நெறைய, கல்யாணம் சாவு ரெண்டுக்கும் போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க.

பேப்பர் மல்பெரின்னு ஒரு செடி, நம்ம பட்டுப்பூச்சிக்குப் போடுற முசுக்கொட்டைக்குச் சொந்தக்காரச் செடிதான். அத ஒல்லியா நேரா வளத்து, ஒரு வருசம் ஒன்றரை வருசத்துல வெட்டிருவாங்க, நடுவுல பக்கக் கிளை வந்தா அப்பப்ப கிள்ளிருவாங்க, ஏன்னா கிளை வந்த எடத்துல பட்டைல ஓட்டை விழுந்துரும். வெட்டி, பட்டைய உரிச்சு, மேல்தோலச் சுரண்டி எறிஞ்சுட்டு உள்பட்டைய மட்டும் எடுத்து ஊறப் போட்டு, ஒரு மரத் திண்டு மேல வச்சு அடி அடின்னு அடிக்கிறாங்க. அடிக்கிற கட்டைக்கு நாலு பக்கம், சவுக்கு மரத்துல செய்றது, காடி வெட்டுன பக்கத்தால மொதல்ல அடிச்சு கடைசியா வழுவழுப்பான பக்கத்தால அடிச்சு முடிப்பாங்க. நாலு விரல் அகலப் பட்டை ஒரு முழ அகலத்துக்கு விரிஞ்சிரும். நூல் நூக்குறதும் இல்ல தறியும் இல்ல, அதான் உங்களுக்கு நெசவு தெரியல. அப்பறம் அந்தப் பட்டைய ரெண்டு அடுக்கா, ஒண்ணு குறுக்க ஒண்ணு நெடுக்க வச்சு, வேக வச்ச கிழங்கு மாவுப் பசையால ஒட்டுறாங்க. இப்பப் புரியுதா, ஏன் அலசக் கூடாதுன்னு? பசை கரைஞ்சு ரெண்டு அடுக்கும் பிரிஞ்சிரும், சாயமும் ஓடிரும்.

நம்பர் விஷயத்துக்கு வர்றேன். ஒரு நீள மேசை, மேல் பக்கம் வளைவா இருக்கும், அதுல குப்பேசின்னு டிசைன் அச்ச வரிசையாக் கட்டி வைப்பாங்க, தென்னை ஈர்க்கும் நாரும் வச்சுத் தைச்சது, மேடு பள்ளமா இருக்கும். ரெண்டு பக்கமும் பொம்பளைங்க உக்காந்து துணிய அது மேல போட்டு சாயத்த வச்சுத் தேச்சா டிசைன் மேல வந்துரும், ஒரு பகுதி முடிஞ்சதும் துணிய நகத்தி அடுத்த பகுதி. அந்தப் பகுதிக்கு லங்கங்கான்னு பேரு, ஒண்ணு சுமாரா ஒன்றரை அடியில இருந்து ரெண்டு அடி வரும், அதுக்குத்தான் ஓரத்துல நம்பர் போடுறது. முழுத் துணி 50 லங்கங்கா, அதுக்கு மேலயும் கூட போகும், அத அப்பிடியேவும் குடுப்பாங்க, வெட்டிப் பங்கு வச்சும் குடுப்பாங்க. உங்க வீட்டுக்கு வந்தது 4ல இருந்து 9, மொத்தம் ஆறு பகுதி. பெரியப்பாகிட்ட சொல்லுங்க, கிழிஞ்சது இல்ல, 1, 2, 3 வேற யாரு வீட்டுக் கல்யாணத்துக்கோ இல்ல எழவுக்கோ போயிருக்கும்.

மொய் நோட்டுல தாராளமா எழுதலாம், அதுவும் மொதப் பக்கத்துல. அங்க வீட்டுச் சொத்துன்னா பொம்பளைங்க செய்ற இந்தத் துணி, தாழம்பாய் இதெல்லாந்தான், பணத்த விட இதுக்கு மதிப்பு ஜாஸ்தி. 1953ல எலிசபெத் ராணி டோங்காவுக்குப் போனப்ப செஞ்ச ஒரு ஙாத்து இருக்கு, 20 மீட்டருக்கு மேல நீளம், 1965ல டோங்கா ராணி சலோட்டே ஆக்லாந்துல இறந்து ஊருக்குக் கொண்டு போனப்ப அதத்தான் பெட்டிக்கு அடியில விரிச்சாங்க. இப்ப வெலிங்டன் மியூசியத்துல இருக்கு.

சாயப்பட்டறை:
நாங்க சுங்குடி சாயம் போடுற ஆளுக, அதான் கேக்குறேன். அந்தச் செங்காவி எதுல வருது? கடுக்கா, படிகாரம் ஏதும் வைக்காம எப்பிடிண்ணே நிக்குது?

உசிலை_டூ_ஆக்லாந்து:
கொக்கான்னு ஒரு மரம், அதோட பட்டையச் சுரண்டி நாருல போட்டு முறுக்கிப் பிழிஞ்சு எடுக்குற சாறுதான். சதுப்பு நிலத்துல வளர்ற கண்டல் பட்டையும் சேப்பாங்க. பட்டைலயே துவர்ப்பு இருக்குறதால தனியா ஏதும் வைக்கிறது இல்லன்னு நெனக்கிறேன். கறுப்புக்கு ஒரு எண்ணெய்க் கொட்டைய எரிச்ச கரி. அந்தக் கறுப்புக் கோட்ட கையால இழுக்குறதுக்கு பிரஷ் என்ன தெரியுமா, காஞ்ச தாழம்பழத்துச் சுளை, நுனி நாரு நாரா இருக்கும்ல, அதேதான். ஆனா துவைக்கிற துணிக்குப் போடுற சாயம் இல்லண்ணே இது, உங்க சேலை மாதிரி நாப்பது தடவ தண்ணி பாக்குற பொழப்பு இதுக்குக் கெடையாது.

ஊர்சுத்தி_73:
எல்லாஞ் சரி, டூரிஸ்ட் கடை அயிட்டமா இருந்தா? இப்ப எல்லாம் டூப்ளிகேட்டுதான பாஸ்.

உசிலை_டூ_ஆக்லாந்து:
டூரிஸ்ட் கடைல பத்தடி நீளத் துணிய எவன் விக்கிறான். நீங்க கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு, ஆக்லாந்துல அந்தச் செடி சரியாக் கெடைக்காது, அதனால இங்க உள்ள டோங்காக்காரங்க காலருக்கு உள்ள வச்சுத் தைக்கிற வைலீன் துணிய ஒரு அடுக்காவோ ரெண்டு அடுக்காவோ போட்டு மேல அதே சாயம் அதே டிசைன் செய்றாங்க. அத போலின்னு சொன்னா எனக்குக் கோவம் வரும், பத்துப் பொம்பளைங்க சேந்து பாட்டுப் பாடிக்கிட்டு செய்ற வேலை அதுலயும் அதேதான். வெளிச்சத்துக்கு நேரா புடிச்சுப் பாருங்க மாலா, பட்டைன்னா நாரு ஓட்டம் கண்ணுக்குத் தெரியும், அங்கங்க சின்ன ஒட்டுப் போட்டிருக்கும். வைலீன்னா ஒரே சீரா இருக்கும்.

அந்தச் செடி கதை இன்னும் நல்லாருக்கும். பசிபிக் தீவுகள்ல உள்ளது அனேகமா பூரா பெண் செடிதான், விதையே கெடையாது, பக்கக் கன்னப் பேத்துத்தான் நடணும். மரபணு பாத்து 2015ல எழுதுனாங்க, மூலம் தைவான். அப்ப படகுல ஏறுன ஆளுக தீவுக்குத் தீவு கன்ன ஈரந் துணில சுத்தி உசுரோட கொண்டு போயிருக்கணும்ல.

வைகைக்கரை_மாலா:
வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தோம், நாரு ஓடுது, ரெண்டு எடத்துல ஒட்டும் இருக்கு. அம்மா இப்ப சோப்ப விட்டுட்டு ஃபிரேம் போட்டு மாட்டுவோம்னு ஆரம்பிச்சிருக்காங்க. வாடைக்கு என்ன செய்ய? பூச்சி வருமா?

திருமங்கலத்தான்:
பசை கிழங்கு மாவுன்னாரே, அப்ப ராமபாணப் பூச்சி கட்டாயம் வரும், பழைய பத்திரம் புக்கு எல்லாத்தையும் அதுதான அரிக்குது. நிழல்ல ஃபேனுக்கு அடியில விரிச்சுப் போடுங்க, வெயில்ல போட்டா கலரு வெளுக்கும். அப்பறம் தடியான அட்டைக் குழாய்ல சுருட்டி மேல கஞ்சி போடாத பருத்தித் துணி சுத்துங்க, பிளாஸ்டிக் கவர் வேணாம் நம்ம ஐப்பசி மழைக்கு உள்ள வேர்த்துரும். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைல கேட்டா அந்தக் குழாய சும்மாவே தருவாங்க. வசம்ப சின்னத் துணில முடிஞ்சு பக்கத்துல போடுங்க, துணி மேல படாம.

உசிலை_டூ_ஆக்லாந்து:
ஃபிரேம் போட்டா கண்ணாடி துணில ஒட்டாம இடைவெளி விடச் சொல்லுங்க, பசை போட்டு அட்டைல ஒட்ட விடாதீங்க. அவங்க வீட்டுல எல்லாம் மெத்தைக்கு அடியில மடிச்சு வச்சிருப்பாங்க, தேவைக்கு எடுத்து விரிச்சு அது மேல பொண்ணு மாப்பிள்ளைய நிக்க வைப்பாங்க, அதனால ரொம்பவும் பயப்பட வேணாம். அந்த அக்காவுக்கு மறுசீர் செய்யணும்னு தோணுச்சுன்னா காசு அனுப்பாதீங்க. அண்ணனும் அண்ணியும் அது மேல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க, கூட சாயப்பட்டறை அண்ணேகிட்ட ஒரு சுங்குடி வாங்கி அனுப்புங்க.

சாயப்பட்டறை:
கலரு சொல்லு தாயி. செங்காவியே போட்டுத் தரவா?