நாலு பேர், ஒரு ஹாஸ்டல் அறை, ஒட்டாத நட்பு: எப்படி எடுப்பது?

கேள்வி: கல்லூரித் தோழிகள் நாலு பேரைப் பற்றிய சுயாதீனப் படம். சின்ன அறையில் 6 நிமிடக் காட்சி. சண்டை கிடையாது, ஆனால் மூவர் ஒருத்தியை மெல்ல ஒதுக்குவது தெரியணும். ஒத்திகையில் எல்லாம் வசனமாகவே கொட்டுது. கேமரா ஒன்றுதான்.

பதில் 1: 6 நிமிடம் ரொம்ப நீளம், 4-க்குள் அடக்குங்க. "என்னை ஏன் ஒதுக்குறீங்க" மாதிரி வரி எது இருந்தாலும் வெட்டுங்க. பதிலுக்கு மூணு போன் ஒரே நேரத்தில் அதிரட்டும், அவள் போன் மட்டும் சும்மா கிடக்கட்டும். அவளில்லாத குரூப் ஒன்று இருக்குன்னு பார்க்கிறவருக்குப் புரிஞ்சிடும். யாரும் விளக்கக் கூடாது.

பதில் 2: மற்ற மூவரையும் தோள் உரச ஒரே ஃபிரேமில் வைங்க, அவளுக்கு மட்டும் தனி ஃபிரேம். ஒரு பக்க ஷாட் எல்லாம் முடிச்சிட்டு கேமராவைத் திருப்புங்க, இல்லேன்னா லைட்டை மாத்தி மாத்தியே நாள் போயிடும். முக்கியமா, மற்றவங்க பேசும்போது அவள் முகத்தை மட்டும் முழுக் காட்சிக்கும் ஒரு டேக். அது இல்லேன்னா எடிட்டர் கை கட்டிப் போட்ட மாதிரிதான்.

பதில் 3: குளோசப்பில் ஒருத்தர் பேச்சு மேல இன்னொருத்தர் பேச வேண்டாம், அந்த ஒலியைப் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். குறுக்கே பேசுறதை எடிட்டில் உருவாக்கலாம். டேக் ஓடும்போது ஃபேன் ஆஃப். கடைசியில் எல்லாரும் அறைக்குள்ளேயே இருக்க, யாரும் பேசாம 1 நிமிடம் ரூம் டோன், அதாவது அறையோட வெறும் ஒலியைப் பதிங்க.

கேட்டவர்: போன் அதிர்வையும் அப்பவே பதியலாமா?

பதில் 3: தனியா, மர மேசை மேல வச்சு எடுங்க. மெத்தையில் வச்சா சத்தம் சரியா வராது.