5 டிக் ஏர்கோனும் 27 டிகிரியும்: சோதனை யார் வீட்டுக்கு?

கம்ப்ரெசர் அண்ணன் | இரவு 9:12
நேற்று மின்கட்டண இழையில் 'ஈசூன் நாலறை' எழுதியது இது: "ஏர்கோன் மின்சாரத்தை எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று காட்டும் ஐந்து டிக் முத்திரை எல்லாம் பொய். ஆய்வகத்தில் 27 டிகிரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு டிக் ஒட்டுகிறார்கள். சிங்கப்பூரில் யார் 27இல் போடுகிறார்கள்?"

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 19 வருடமாக ஏர்கோன் மாட்டுகிறேன். 27 என்பது ரிமோட்டில் வைக்கும் எண்ணே இல்லை. ஏர்கோன் உள்ளே இழுக்கும் அறைக் காற்றின் சூடு அது. சோதனையில் உள்ளே 27, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியில் 19, வெளியே 35 என்று நிலையாக வைத்து அளப்பார்கள். தெரியாததைப் பொய் என்று எழுதாதீர்கள்.

ஈசூன் நாலறை | 9:20
ரிமோட்டோ காற்றோ, 27 27தானே அண்ணே? என் வீட்டில் 23. அதற்கு மேல் வைத்தால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். 23இல் ஓடும் மிஷினுக்கு 27இல் பரீட்சை வைத்துக் கொடுத்த மார்க் எனக்கு எதற்கு? பழையதைக் கழற்றி ஐந்து டிக் மாட்டினேன். மாதம் 11 வெள்ளிதான் குறைந்தது.

கம்ப்ரெசர் அண்ணன் | 9:31
முன்பு எத்தனை மணி நேரம் போட்டீர்கள், இப்போது எத்தனை? அதைச் சொல்லாமல் 11 வெள்ளி என்றால் என்ன கணக்கு?

சோதனை எப்படி நடக்கிறது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அறை. ஒன்றில் உள் பெட்டி, மற்றதில் வெளிப் பெட்டி. ஏர்கோன் எவ்வளவு சூட்டை எடுக்கிறதோ அதே அளவைச் சூடேற்றி திரும்பக் கொடுக்கும். அறை 27ஐ விட்டு அசையாது. சூடேற்றிக்குப் போன மின்சாரத்தை அளந்தால் குளிர்ச்சியின் அளவு வந்துவிடும். இதில் எங்கே பொய்? எல்லா மிஷினுக்கும் ஒரே 27 வைத்தால்தானே எது நல்லது என்று தெரியும்?

பொங்கோல் அக்கா | 9:44
இரண்டு பேரும் ஈரத்தை மறந்துவிட்டீர்கள். 27க்கு 19 என்றால் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டுக்கும் கீழே. நம் ஊர்க் காற்றில் சராசரியே எண்பதுக்கு மேல். ஜன்னலைத் திறந்து வைத்து சமைத்துவிட்டு, இரவு ஏர்கோன் போட்டால் முதலில் தண்ணீரைப் பிழிந்து எடுக்கவே மின்சாரம் போகிறது. அந்த வேலையை யார் அளக்கிறார்கள்?

கம்ப்ரெசர் அண்ணன் | 9:52
அக்கா, ஈரத்துணி வெப்பமானி வைப்பதே அதற்காகத்தான். வெளியே 35 வைப்பதும் மிஷினைக் கஷ்டப்படுத்தத்தான். நம் ஊர் இரவில் 26தான் இருக்கும்.

ஈசூன் நாலறை | 9:55
பார்த்தீர்களா, அவரே ஒத்துக்கொண்டார்! 35 இங்கே கிடையாது, 27ம் கிடையாது.

தேக்கா தம்பி | 9:58
35 கிடையாதா? 2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 பதிவானது. 1983இல் தெங்காவில் பதிவான அதே அளவு. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்?

ஈசூன் நாலறை | 10:01
ஒரே ஒரு நாளை வைத்து வாதாடுவது உனக்குப் பழக்கம். போன தீபாவளிக்குக் குழுவாக விசிறி வாங்கலாம் என்று சொல்லி மூன்று வாரம் காக்க வைத்தாயே, அப்போதும் "ஒரு நாள்தான் தாமதம்" என்றாய்.

தேக்கா தம்பி | 10:03
விசிறி வந்ததா இல்லையா? இன்றும் உங்கள் வரவேற்பறையில் ஓடுகிறதே! நன்றி சொல்லத் தெரியாதவர்களுக்கு இனி எதையும் வாங்கித் தர மாட்டேன்.

கட்டடத்துக்காரன் | 10:15
விசிறிச் சண்டையை விடுங்கள். கட்டட, கட்டுமான ஆணையம் பிராடெல் சாலையில் 2016இல் ஸ்கைலேப் திறந்தது. கூரை மேல் சுழலும் ஆய்வகம். ஒரே மாதிரி இரண்டு அறை, ஒன்றில் வழக்கமான கருவி, மற்றதில் புதியது. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே நேரம். அலுவலகங்களுக்கான புதுத் தொழில்நுட்பத்தை இப்படி நம் வானிலையில் சோதிக்க முடிகிறது. வீட்டு ஏர்கோனுக்கும் இப்படி இரண்டு அறை வேண்டும் என்பதுதான் என் ஆசை. தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்டிஇ4 கட்டடத்தில் குளிரைக் குறைத்து, கூரை விசிறியைச் சேர்த்து ஓட்டுகிறார்கள். அங்கே யாரும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஈசூன் நாலறை | 10:19
பிராடெல் அறையில் எத்தனை டிகிரி வைத்தார்கள்? 23ஆ, 27ஆ?

கம்ப்ரெசர் அண்ணன் | 10:27
மறுபடியும் அதே 27! ஐயா, டிக் போடும் கணக்கில் முழுச் சுமைக்கு, அதாவது முழுக் குளிர்ச்சி கொடுத்து ஓடும்போது அளந்ததற்கு 0.4, பாதிச் சுமைக்கு 0.6 பங்கு. தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் மிஷின் பாதி வேகத்தில் ஓடும்போதுதான் அதிகம் மிச்சம் பிடிக்கும் என்பதால் அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் 23 வைத்து, கதவைத் திறந்து மூடி, அதை முழு வேகத்திலேயே ஓட விட்டால் பாதிச் சுமை எங்கிருந்து வரும்? வடிகட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆச்சு?

பொங்கோல் அக்கா | 10:33
வடிகட்டி கழுவாததற்கு அவரைத் திட்டுங்கள், சரி. ஈரத்துக்கு நான் கேட்டதற்கு பதில் எங்கே? வெப்பமானியில் துணி சுற்றிவிட்டால் பொங்கோல் காற்று வந்துவிடுமா?

கம்ப்ரெசர் அண்ணன் | 10:36
பதில் சொல்லியாச்சு அக்கா. மேலே போய்ப் படியுங்கள்.

பொங்கோல் அக்கா | 10:37
படித்தேன். பதில் இல்லை.

ஈசூன் நாலறை | 10:41
வடிகட்டி மாதாமாதம் கழுவுகிறேன். என் மனைவியே சாட்சி. 19 வருட அனுபவம் என்று மிரட்டாதீர்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், அளந்து காட்டுங்கள். ஆனால் 23இல்தான் அளக்க வேண்டும்.

கம்ப்ரெசர் அண்ணன் | 10:44
வருகிறேன். காற்று 23ஆ, ரிமோட் 23ஆ? அதை முதலில் எழுதுங்கள்.

ஈசூன் நாலறை | 10:45
23 என்றால் 23.