பல்லி விரலின் அடியில் இருப்பதற்கு என்ன பெயர்?

கோப்பாய் ஆசிரியை:
வணக்கம். பத்தாம் ஆண்டு விஞ்ஞானக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. வீட்டுப் பல்லியின் விரலடியில் இரட்டை வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளான லமெல்லாவுக்குத் தமிழ்ச்சொல் தேவை. 'ஒட்டுத்தகடு' சரிவருமா?

மானிப்பாய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'மென்றகடு' என்று எழுதுங்கோ பிள்ளை. மென் + தகடு. னகர ஈற்றின் முன் தகரம் றகரமாகும், நன்னூல் விதி.

கொக்குவில் மொழிபெயர்ப்பாளர்:
விதி சரி ஐயா. பிள்ளைகள் 'மென்ற கடு' என்று பிரித்து, பல்லி கடுக்காய் மென்றதா என்று கேட்பார்கள். 'ஒட்டு'ம் வேண்டாம், பல்லிக்காலில் பசை ஏது? தகடுகளில் மொத்தம் இலட்சக்கணக்கில் நுண்மயிர்கள். ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்த நுனிகள் சுவரோடு நெருங்கும்போது, மூலக்கூறுகள் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும் வந்தர்வாலின் விசையே பிடிக்கிறது. ஆகவே 'பற்றடுக்கு'.

மானிப்பாய்:
'பற்று' என்றால் வணிகம் படிக்கும் பிள்ளைகள் 'வரவு எங்கே' என்பார்கள். இன்னொன்று: அகராதியில் கௌளி என்பது பல்லியும்தான், நூறு வெற்றிலைக் கட்டும்தான். அடுக்கிய வெற்றிலை, அடுக்கிய விரல்! இரண்டுக்கும் வேர் ஒன்றாகத்தான் இருக்கும். அடுக்குக்கே 'கௌளி' என்று வைத்தால் என்ன?

கொக்குவில்:
ஐயா, சுண்ணாம்பையும் சேர்த்துவிடுவோமா?

நல்லூர், விலங்கியல் மாணவர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'ஒட்டு', 'பற்று' இரண்டும் தொழிலைச் சொல்லும் பெயர்கள், சிக்கலே அங்குதான். இலங்கையில் நெமாஸ்பிஸ் இனத்துப் பல்லிகள் முப்பது வகைக்கு மேல் உண்டு. பாறையிலும் மரத்தண்டிலும் பகலில் திரிபவை, வட்டக் கண்மணி, மெலிந்த விரல். அவற்றுக்கும் விரலடியில் தகடு இருக்கிறது, ஆனால் ஒட்டாது. நகத்தால்தான் பிடிக்கும். நமீப் பாலைவனப் பல்லி ஒன்றுக்கு விரல்களுக்கிடையே தோல்சவ்வு. மணலில் புதையாமல் நடக்கவும் மணலைத் தோண்டவும் அது போதும். இடத்துக்கு இடம் தொழில் மாறும்போது பெயரும் பொய்யாகிவிடும். இருக்கும் இடத்தை வைத்து 'விரலடித் தகடு' என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கொக்குவில்:
சரி, நான் ஓம். களைத்துப்போனேன்.

கோப்பாய்:
நன்றி தம்பி. 'விரலடித் தகடு' என்றே கொடுத்துவிட்டேன்.

மானிப்பாய்:
அது வருணனை பிள்ளை, கலைச்சொல் அன்று. மென்றகட்டை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம். கௌளி பற்றித் தனிமடல் அனுப்புகிறேன்.