ஃபெண்டர் டியூப் ஆம்ப்பை வாங்குவதா, மாடலர் வாங்குவதா?

கேள்வி (மதுரை, மெல்லிசைக் குழு கிட்டார்)

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரிகளிலும் ஞாயிறுதோறும் தேவாலயத்திலும் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். இதுவரை ஒரு பழைய பெடலை (காலால் மிதித்து கிட்டார் ஒலியை மாற்றும் கருவி) நேரே மிக்ஸரில் செருகியே காலத்தை ஓட்டிவிட்டேன். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் என் சித்தப்பா மகன், தாம் பயன்படுத்திய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் டியூப் ஆம்ப்பை (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அந்தத் தொகைக்கு நல்ல மாடலர் (ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் கருவி) ஒன்றே வாங்கிவிடலாம் என்கிறார் எங்கள் கீபோர்டு கலைஞர்.

டியூப் ஆம்ப்பில் ஒரே ஒருமுறைதான், சென்னையில் ஓர் ஒத்திகை அறையில், வாசித்திருக்கிறேன். மெல்ல மீட்டியபோது மணிபோலத் தெளிந்தும், அழுத்தி மீட்டியபோது லேசாகக் கரகரத்தும் எழுந்த அந்த ஒலி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நான் குடியிருப்பது வாடகை வீட்டின் மாடியில். எதை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1 (கோவை, ஆம்ப் பழுதுபார்ப்பவர்)

நண்பரே, ஒலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்கப்படும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். சென்ற ஆண்டு ஒருவர் அத்தகைய ஆம்ப்பை நேரே செருகியிருக்கிறார். ஃபியூஸ் போனதும் அந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி மீண்டும் போட்டிருக்கிறார். என்னிடம் வந்தபோது பவர் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றெல்லாம் கருகிப்போய், பெட்டியைத் திறந்ததுமே வார்னிஷ் தீய்ந்த வாடை அடித்தது. எர்த் இணைப்போடு கூடிய, குறைந்தது 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மூடியை நீங்களே கழற்றவும் வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

மற்றொன்று, இந்த ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் (கரகரப்பை வைத்துக்கொண்டு மொத்தச் சத்தத்தை மட்டும் குறைக்கும் குமிழ்) கிடையாது. 22 வாட்தானே என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் சென்னையில் கேட்ட அந்தக் கரகரப்பு வரவேண்டுமானால் வால்யூமைப் பாதியளவுக்கு ஏற்ற வேண்டும். மாடி வீட்டில் அந்த அளவுக்கு வைத்தால் கீழ்வீட்டார் அன்றைக்கே மேலே வந்துவிடுவார்கள். இதன் இரண்டு 6வி6 பவர் டியூப்களும் தொடர்ந்து வாசித்தால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மாற்றும்போது பயஸையும் (டியூப்பில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) சரிபார்க்க வேண்டும்.

மறுமொழி 2 (சென்னை, மாடலருக்கு மாறியவர்)

இந்த ஒப்பீட்டில் பலரும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். அறைக்குள் நாம் நேரே கேட்பது, ஸ்பீக்கர் தள்ளும் காற்றையும் சுவர்களின் எதிரொலியையும் சேர்த்த ஒலி. மாடலர் தருவதோ, அதே ஸ்பீக்கரின் முன் மைக் வைத்துப் பதிவு செய்தால் கிடைக்கும் ஒலி. கச்சேரியில் கூட்டத்தாருக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். எனவே மாடலரை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு உயிரில்லை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற மாடலர் வந்த காலத்து ஒலியை வைத்தும் இன்றைய கருவிகளை எடைபோடக் கூடாது. கெம்ப்பர் என்ற கருவி உண்மையான ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி அதன் குணத்தைப் படியெடுக்கிறது; நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருள் நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவித்து அதையே செய்கிறது.

என் அனுபவத்தில் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் மெல்லிய சத்தத்தில் அமைத்த டோன், மேடையில் பேஸ் முழங்கி, மேல்ஸ்தாயி காதைக் குத்தும். சத்தம் கூடும்போது இவ்விரண்டையும் நம் காது கூடுதலாக உணர்வதே காரணம். ஆகவே மேடைச் சத்தத்திலேயே டோனை அமையுங்கள். பேஸைத் தயங்காமல் குறையுங்கள்.

மறுமொழி 3 (திருச்சி)

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, அண்ணா. ஆனாலும் டியூப் ஆம்ப் கைக்குக் கற்றுக்கொடுப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அழுத்தி மீட்டும்போது உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மீள்கிறது. அதனால் ஸ்வரம் சற்றே அமுங்கிப் பிறகு விரிகிறது. பெடலை மிதிக்காமல், கிட்டாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்கியே கரகரப்பைத் துடைத்தெடுக்கலாம். எந்த மாடலரை வாங்கினாலும் கடையில் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்.

அந்த ஆம்ப்தான் மனதில் நிற்கிறதென்றால், ஃபெண்டரே 2019-இல் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப்பையும் வாசித்துப் பாருங்கள். தோற்றத்தில் பழைய ஆம்ப்தான். உள்ளே டியூப் இல்லை, டிஜிட்டல். எடை ஏறத்தாழ 10 கிலோ. அசலோ 19 கிலோவை ஒட்டி வரும். சக்தியை 0.2 வாட் வரை குறைக்கலாம் என்பதால் உங்கள் மாடிக்கும் பொருந்தும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தேவாலயத்தில் ஆராதனைக்கு முன், நண்பரின் மாடலரை இரவல் வாங்கி, மானிட்டரை வழக்கமான சத்தத்தில் வைத்து வாசித்தேன். திருச்சித் தம்பி சொன்னபடி வால்யூமை 6-க்கு இறக்கியபோது கரகரப்பு விலகி ஒலி தெளிந்தது. சென்னையில் கேட்டதற்கு மிக அருகில் வந்தது. பேஸை மட்டும் நன்றாகக் குறைக்க வேண்டியிருந்தது. மாடலரையே வாங்குகிறேன். ஆம்ப்பை அங்கேயே விற்றுவிடும்படி சித்தப்பா மகனுக்கும் எழுதிவிட்டேன்.